மீசை இல்லாத கோதண்டராமன்

எங்கள் தையல் லைனில் சூப்பர்வைசர் கோதண்டராமன் சாரை எல்லாரும் மீசையை வைத்துத்தான் தெரிந்துவைத்திருந்தார்கள். கன்னம் வரை ஏறி, இரண்டு நுனியும் மேலே பார்த்து நிற்கிற மீசை. அதற்கு மேலே சாயம் போட்டு எண்ணெய் வழித்துச் சீவிய முடி. நாற்பது பெண்கள் உட்கார்ந்து தைக்கிற ஹாலில் கதவு திறந்தால் முதலில் மீசை வரும், அடுத்து சத்தம் வரும், கடைசியில்தான் அந்த ஆள் வருவார் என்று ஹஃப்ஸா சொல்வாள். அவள் எனக்குப் பக்கத்து மெஷின்.

எனக்கு அந்த மீசை அவ்வளவாகத் தெரியாது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து எனக்குப் பழக்கமில்லை. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் குனிந்த தலைக்கு நல்ல பெயர். மனிதர்களை எனக்குக் கையாலும் காலாலும் தெரியும். கோதண்டராமன் என்றால், வலது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து நடக்கிற ஒரு ஜோடிக் கால்.

அந்தக் கால்களைத் தோல் துண்டுகளில் வரைந்து மெஷினில் வைத்து ஒவ்வொரு விரலாக ஊசி ஓட்டியிருக்கிறேன். மூன்று மாதமாக அதுதான் எனக்கு மத்தியான நேரத்துப் பொழுதுபோக்கு. காரணம் என் அம்மா.

அம்மா பெயர் கமலம். அதே கம்பெனியில் பதினான்கு வருஷம். ரிஜெக்ட் ஆன ஷூக்களை வைக்கிற அறை அவள் பொறுப்பு. எங்கள் கம்பெனி ஷூ வெளிநாட்டுக்குப் போவது. தையலில் ஒரு பிசகு இருந்தாலும் வாங்குகிறவர்கள் எடுக்கமாட்டார்கள். அதை இங்கே கடையிலும் விற்கக்கூடாது. கத்தியால் கிழித்துக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். கிழிக்கிற நாள் வரும்வரை எண்ணி அடுக்கி வைப்பது அம்மாவின் வேலை. தை மாசத்தில் மூன்று ஜோடி குறைந்தது. கமலம்தான் எடுத்தாள் என்று கோதண்டராமன் சொன்னார்.

சொன்னதோடு விட்டிருந்தால்கூட நான் இப்படி ஆகியிருக்கமாட்டேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, நானூறு பேர் வெளியே போகிற கேட்டில் அம்மாவை நிறுத்தினார். முந்தானையை உதறச் சொன்னார். சாப்பாட்டுக் கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். மிச்சச் சோறு தரையில் விழுந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"கெடைக்கலன்னா? நேத்தே எடுத்துனு போய்ட்டிருப்பா" என்றார்.

நான் இருபதடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஒடுகத்தூர் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அன்றைக்கே செய்தி வந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்களுக்குப் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? "இன்னா கமலம், எங்க வூட்டுக்காரருக்கு ஒம்பதாம் நம்பர் ஒரு ஜோடி கெடைக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மா பஸ் ஏறுவதை விட்டாள். மெயின் ரோட்டுப் பக்கம் போவதையும் விட்டாள். விடியற்காலையில் வரப்பு வழியாகவே போய், கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வரப்பு வழியாகவே திரும்புவாள். வேலை போனது அவளுக்குப் பெரிதில்லை. "திருடின்னு சொன்ன வாய் இல்லன்னு சொல்லணும்டி. வேற எவன் சொன்னாலும் ஒட்டாது" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வாய், அதே கேட், அதே கூட்டம்.

சித்திரையில் ஆடிட் வந்தது. வெளிநாட்டு ஷூ கம்பெனி இங்கே நடப்பதைப் பார்க்க ஓர் ஆளை அனுப்பும். அவர் சில பெண்களைத் தனி அறையில் கூப்பிட்டுப் பேசுவார். அங்கே மேனேஜர், சூப்பர்வைசர் யாரும் வரக்கூடாது. அதற்காக ஒரு மாதம் முன்பிருந்தே கோதண்டராமன் எங்களுக்குப் பாடம் எடுப்பார். கையில் இரும்பு ஸ்கேல் இருக்கும்.

"தண்ணி?"

"இருக்குது சார்."

"பாத்ரூம்?"

"எப்ப கேட்டாலும் உடுவாங்க சார்."

"சூப்பர்வைசர்?"

"மரியாதையா பேசுவாரு சார்."

"சத்தமா சொல்லுங்கடி, எருமைங்களா!"

ஆடிட்டுக்கு முந்தின வாரத்தில் அவரே நாலு நாள் லீவில் போனார். பெங்களூரில் மச்சினி கல்யாணம் என்று சொன்னார். உண்மையில் போனது திருப்பதிக்கு. ஃப்ளோர் மேனேஜர் பதவிக்கு வேண்டிக்கொண்டு, தலை முடியோடு மீசையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மலைமேல் பச்சைத் தண்ணீரில் குளித்துத் தொண்டையும் கட்டிக்கொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. கேட்டில் நடந்ததைக் காவல்காரரே சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைதான் செக்யூரிட்டி ஏஜென்சி மாறியிருந்தது. நின்றவர் புது ஆள். கோதண்டராமன் பர்மிஷன் போட்டுப் பத்து மணிக்கு வந்து வருகைப் பதிவு மெஷினில் முகத்தைக் காட்டியிருக்கிறார். முகம் பொருந்தவில்லை என்றது மெஷின். மறுபடி காட்டினார். மறுபடியும் அதேதான். காவல்காரர் கையில் ஒரு சீட்டு இருந்தது: இன்று ஆடிட், சென்னையிலிருந்து அன்பரசன் வருகிறார், மரியாதையாக உள்ளே அனுப்பவும். எதிரில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மெஷினுக்குத் தெரியாத ஒருவர். காவல்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, அன்பரசன் என்று எழுதிய விசிட்டர் பாஸைக் கழுத்தில் மாட்டி, வெள்ளைக் கோட்டும் வலைத்தொப்பியும் கொடுத்திருக்கிறார்.

நான் அவன் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சொல்லவில்லை. நிஜமான ஆடிட்டர் மத்தியானம்தான் வருவார் என்று அவருக்குத் தெரியும். அதற்குள் எங்களில் யார் வாய் திறப்பவள் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஹால் கதவு திறந்தது. மீசையும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. நாற்பது முதுகும் நிமிர்ந்தன.

"ஆடிட்டுடி" என்றாள் ஹஃப்ஸா உதட்டை அசைக்காமல். "மொழுக்குனு இருக்கான் பாரு, உரிச்ச நொங்கு மாதிரி."

நான் தலையைத் தூக்கவில்லை. மெஷின்களுக்கு நடுவே ஒரு ஜோடி கால் நடந்து வந்தது. வலது பாதம் வெளியே திரும்பியிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தேன். பழுப்பு நிறத்தில் கயிறு இல்லாத ஷூ. வலது ஷூவின் உள்பக்கம் தையல் ஓடிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கோட்டை விட்டு விலகி, ஏழு தையல் கோணலாகப் போய், மறுபடி கோட்டுக்கு வந்திருந்தது.

அந்த ஏழு தையலும் நான் போட்டவை. தை மாசம் ஊசி எகிறியபோது விழுந்தது. அந்தத் தோலை அவர் என் முகத்தில் எறிந்து, "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று கேட்டார். ஷூவாக முடிந்த பிறகு ரிஜெக்ட் என்று எழுதி அம்மாவின் அறைக்கு அனுப்பினார். காணாமல் போன மூன்று ஜோடியில் அது ஒன்று.

தலை குனிந்தபடியே இருந்தது. சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பசி எடுத்தது மாதிரி இருந்தது.

கால்கள் என் மெஷினுக்கு முன்னால் நின்றன.

"உங்க பேரு இன்னாம்மா?" கட்டிப்போன தொண்டை, கிசுகிசுப்பாக வந்தது.

"பாரதி சார்."

"வாங்கம்மா, கொஞ்சம் பேசலாம்."

கமலத்தின் மகளை முதலில் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேன்டீனை ஒட்டிய அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஆடிட் பாரங்கள். மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், கீழே மஞ்சள் தாள். அவர் உட்கார்ந்தார். கால்கள் மேசைக்கு அடியில் எனக்கு நேராக நீண்டன.

"பயப்படாதீங்கம்மா. இங்க சொல்றது வெளிய போகாது. சூப்பர்வைசர் எப்டி?"

"மரியாதையா பேசுவாரு சார்."

ஒரு பெருமூச்சு விட்டார். அதில் ஏமாற்றம் இருந்தது. "நெசமாவா? மனசுல இருக்கறத சொல்லுங்க."

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. மேசைக்கு அடியில் அந்த ஏழு தையலைப் பார்த்தேன். தரையில் விழுந்த சோறு ஞாபகம் வந்தது. ஷூவைப் பார்த்துப் பேசினால் பேச வந்தது.

"ஒரு புகார் இருக்குது சார். நான் சொல்றேன், நீங்க எழுதிக்கறீங்களா?"

"சொல்லும்மா, சொல்லும்மா!" பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது. இவள் வேலையும் இன்றோடு முடிந்தது என்று நினைத்திருப்பார். அவ்வளவு ஆசையோடு எழுதினார்.

நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொல்லெழுதும்போது டீச்சர் சொல்வது மாதிரி. "தையல் லைன் சூப்பர்வைசர் கோதண்டராமன் எங்களை எருமை என்று கூப்பிடுகிறார். எழுதிட்டீங்களா சார்? ஸ்கேலால் மெஷினில் அடிக்கிறார். பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நின்று கத்துகிறார்."

"ம். ம். அப்பறம்?"

"தை மாதம் ரிஜெக்ட் அறையில் மூன்று ஜோடி ஷூ காணாமல் போனது. கமலம் எடுக்கவில்லை. எடுத்தவர் கோதண்டராமன்."

பேனா நின்றது. "யாராவது பாத்தாங்களா? சும்மா வாய்ல வந்தத எழுத முடியாதும்மா."

"அடையாளம் இருக்குது சார். எழுதுங்க. அதில் ஒரு ஜோடி பழுப்பு நிறம், ஒன்பதாம் நம்பர். வலது ஷூவின் உள்பக்கம் ஏழு தையல் கோணலாக இருக்கும். அதைக் கோதண்டராமன் காலில் போட்டிருக்கிறார்."

மேசைக்கு அடியில் வலது கால் மெதுவாக நகர்ந்து நாற்காலிக்குப் பின்னால் போனது. இடது கால் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"எழுதலியா சார்?"

"அது... இது தேவையா?"

"போன வருசம் வந்த மேடம் ஒரு வார்த்த விடாம எழுதுனாங்க சார். நீங்க எழுத மாட்டீங்களா? அப்ப வெளிய போய் ஜி.எம். சார்கிட்ட சொல்லட்டுமா?"

எழுதினார். அவர் எழுதுகிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் இவ்வளவு நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

"கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் கழுத்திலிருந்த பாஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு அன்பரசன் என்று போட்டார். நான் கீழேயிருந்த மஞ்சள் தாளை உருவிக்கொண்டேன்.

"அதக் குடும்மா. அது ஆபீசுக்கு."

"மஞ்சள் எங்களுக்கு சார். உங்க ஆடிட் பாரந்தான, உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அப்போது கதவு திறந்தது. ஜி.எம். வக்கார் அகமது சார் கையில் ஒரு சால்வை. பக்கத்தில் முதுகில் பை மாட்டிய ஒல்லியான ஒருவர். அவர்களுக்குப் பின்னால் புதுக் காவல்காரர்.

"நான் அன்பரசன். மத்தியானத்துக்கு முன்னாடியே வந்துட்டேன்" என்றார் பை மாட்டியவர். "நான் ஏற்கெனவே உள்ள போய்ட்டேன்னு கேட்ல சொல்றாங்க. என்னைப் பாக்கலாம்னு வந்தேன்."

வக்கார் அகமது சார் வெள்ளைக் கோட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "யார்யா நீ?"

"சார், நான்தான் சார். கோதண்டராமன்."

"எந்தக் கோதண்டராமன்?"

"நம்ம தையல் லைன் கோதண்டராமன் சார்!"

"அந்தாளுக்கு மீசை இருக்குமே."

"திருப்பதில குடுத்துட்டேன் சார்!"

"பெங்களூருக்குல்ல லீவ் எழுதியிருக்குது?"

அவர் சட்டைப் பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்துக் காட்டினார். அட்டையில் மீசை கன்னம் வரை ஏறியிருந்தது. காவல்காரர் அதை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மெஷினே ஒத்துக்கல சார். கார்ட எங்கயாவது பொறுக்கியிருப்பான். போலீசுக்குச் சொல்லட்டுமா?" என்றார்.

"லைனுக்கு வாங்க சார்! பொம்பளைங்க சொல்லுவாங்க!" என்று கத்தினார் கோதண்டராமன். கத்தலும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

எல்லாரும் ஹாலுக்குப் போனோம். வக்கார் அகமது சார் ஹஃப்ஸாவிடம் கேட்டார். "யாரும்மா இது?"

ஹஃப்ஸா அந்த மொட்டை முகத்தை ஆற அமரப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. எனக்கு அவள் தோள் அசைவதிலேயே தெரிந்தது.

"ஆடிட் சார்னு சொன்னாங்க சார்."

"கோதண்டராமன் இல்லியா?"

"ஐயே, அவருக்கு மீசை ஜாஸ்தி சார்."

"நான்தாம்மா! நல்லா பாரும்மா!"

"எங்க சார் எங்கள அம்மான்னு கூப்புட மாட்டாரு சார்" என்றாள் ஹஃப்ஸா. வரிசையில் பின்னாலிருந்து நாலைந்து குரல்கள், "ஆமா சார், கூப்புட மாட்டாரு."

நிஜ அன்பரசன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "வேற எப்டிக் கூப்புடுவாரு?"

"அத எங்க வாயால சொல்லக்கூடாது சார். அவரு கூப்ட்டா டக்குனு தெரிஞ்சிடும்."

காவல்காரர் கோதண்டராமனின் கையைப் பிடித்தார். கோதண்டராமன் எங்களைப் பார்த்தார். நாற்பது முகமும் கல்லாக இருந்திருக்க வேண்டும். வெளியே போலீஸ், உள்ளே நாங்கள். அவருக்கு யோசிக்க நேரமில்லை. காலைத் தரையில் உதைத்து, இருந்த தொண்டையையெல்லாம் சேர்த்து, "ஏய், எருமைங்களா! நான்தான்டி! கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார்.

"ஆமா சார், இவருதான்!" என்றது முழு லைனும் ஒரே குரலில்.

ஹஃப்ஸா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்பரசன் எழுதிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் சிரிக்கிற நேரத்தில் நான் போய் மஞ்சள் தாளை வக்கார் அகமது சார் கையில் கொடுத்தேன். சிரிப்போடு முடிய எனக்கு மனமில்லை. அவர் படித்தார். மணிக்கு எத்தனை ஜோடி என்று கோதண்டராமன் தினமும் ஹால் பலகையில் எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்து. கடைசி வரிக்கு வந்ததும் தாளைத் தாழ்த்தி, கோதண்டராமனின் காலைப் பார்த்தார்.

"நீ கோதண்டராமன்தானா? நல்லா யோசிச்சு சொல்லுப்பா."

கோதண்டராமன் என்றால் திருடன், இல்லை என்றால் வேஷக்காரன்.

"ஷூவைக் கழட்டு."

கழற்றினார். வக்கார் அகமது சார் வலது ஷூவை ஜன்னல் பக்கம் திருப்பி எண்ணினார். ஏழு. இடது ஷூவையும் சேர்த்துக் கவரில் போட்டு ஆபீசுக்கு அனுப்பினார். ஆபீசில் அன்பரசன் முன்னால் என்னிடம், விசாரணை நடக்கும், இவரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கிறோம், உங்கள் அம்மாவுக்குக் கடிதம் அனுப்புகிறோம் என்றெல்லாம் சொன்னார்.

"கடிதம் வேணாம் சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்ல சொல்லணும். அஞ்சரைக்கு. இவரு வாயால."

கோதண்டராமன் கும்பிட்டார். "பாரதி, வேணாம்மா. நாலு பேரு முன்னாடி மானம் போய்டும். நான் வூட்டுக்கு வந்து கால்ல விழறேன்."

"நானூறு பேரு சார்" என்றேன்.

ஆபீசிலிருந்தே போன் போட்டு, பக்கத்து வீட்டு வழியாக அம்மாவைக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. ஐந்து மணிக்குக் காவல்காரர் கோட்டையும் தொப்பியையும் பாஸையும் திரும்ப வாங்கிக்கொண்டு, கோதண்டராமனைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தார். மொட்டைத் தலை, வெறுங்கால், வெள்ளைச் சட்டை. போட்டுக்கொள்ளச் செருப்பு கேட்டார். யாரும் தரவில்லை. நானும் என் செருப்பைப் பார்த்தேன், தரவில்லை. சித்திரை வெயில் இறங்கியும் தார் இன்னும் சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

மணி அடித்து எல்லாரும் வெளியே வந்து கொண்டிருந்தபோது அம்மா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வயல் புடவை, கையில் மஞ்சப்பை. கூட்டத்தைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு சுடுகிற தரையில் கால் மாற்றி நிற்கிற மொட்டை ஆள் அவள் கண்ணில் பட்டார். அம்மா நேரே அவரிடம் போனாள். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மலைக்குப் போய்ட்டு வர்றீங்களா சாமி? நடந்தேவா? காலு சுடுதே, நெழல்ல நில்லுங்க."

அவர் பழத்தை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹஃப்ஸா என் கையைக் கிள்ளினாள். நான் அம்மா பக்கத்தில் போய், "ம்மா, அது கோதண்டராமன்" என்றேன்.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். இல்லாத மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் காதோடு எல்லாவற்றையும் நாலு வரியில் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"பழத்தக் குடு."

கொடுத்தார்.

"இப்ப சொல்லு."

நானூறு பேரும் நின்றார்கள். கம்பெனி பஸ் டிரைவர்கள்கூட இறங்கி வந்தார்கள். ஒடுகத்தூர் பஸ் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கோதண்டராமன் தரையைப் பார்த்து, "ஷூவ நான்தான் எடுத்தேன். கமலம் எடுக்கல" என்றார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"கேக்கல" என்றாள் அம்மா.

"நான்தான் எடுத்தேன். கமலம் எடுக்கல."

"அந்தாண்ட பஸ்கிட்ட நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் எச்சில் விழுங்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தடவை சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது. எல்லாருக்கும் கேட்டிருக்கும். அம்மா பழத்தை நிதானமாக உரித்து, ஒரு கடி கடித்து, மென்று முடித்தாள்.

"கேக்கல."